ஏழு அங்குலம் குறையும் தண்டவாளம்

துவரம் பருப்பு, மிளகாய் வற்றல் நிலவரம் எழுதுகிற ஆள் இந்த மாதம் பொம்மை ரயிலைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதில் தவறில்லை. நானும் முதலில் சிரித்தவன்தான்.

சென்ற ஆண்டு கோடையில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஈஸ்ட்லீ என்று ஓர் ஊர். நம் திருச்சி பொன்மலை மாதிரி ரயில்வே ஒர்க்‌ஷாப்பை வைத்தே வளர்ந்த ஊர். நாற்பது வருடம் கீழமாசி வீதியில் நின்று பழகிய காலுக்கு வீட்டுக்குள் எத்தனை நாள் உட்கார முடியும்? ஏதாவது கடைவீதியைக் காட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "வாங்க மாமா, நீங்க பார்க்காத கடை ஒண்ணு காட்டறேன்" என்று பக்கத்து ஊருக்கு அழைத்துப் போனார்.

அது மாடல் ரயில் கடை. முன்பக்கம் பத்தடி அகலம், உள்ளே நீளமாகப் போகிறது. நம் நாட்டு மருந்துக் கடை போல சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றில் சக்கரம், ஒன்றில் கொக்கி, ஒன்றில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய திருகாணி. குழந்தைகள் கூட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு முதல் ஆச்சரியம், கடையில் நின்ற ஐந்து பேரும் என் வயதுக்காரர்கள். ஒருவர் ஒரு சின்ன சரக்கு வேகனுக்குக் கறுப்பில் எந்தக் கறுப்பு அடிப்பது என்று அரை மணி நேரம் பேசிவிட்டு ஒரு பெயின்ட் டப்பா வாங்கிப் போனார். முகம் சுளிக்காமல் பேசிய கடைக்காரருக்கும் எழுபதை ஒட்டிய வயது இருக்கும்.

அவர் ஒரு பெட்டியைத் திறந்து, துணி விரித்து, ஓர் எஞ்சினை எடுத்து வைத்தார். பச்சை நிறம். நீளம் சுமார் 28 சென்டிமீட்டர், ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். டிரைவர் அறைக்குள் நீராவி அழுத்தம் காட்டும் கடிகாரத்தின் முகம்கூட வரைந்திருக்கிறது. பெரிய சக்கரம் நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. எஞ்சினின் வகையைக் கேட்டதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. "மெர்ச்சன்ட் நேவி." அதாவது வணிகக் கப்பற்படை.

கடைக்காரர் கதை சொல்ல, மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் சதர்ன் ரயில்வே என்ற கம்பெனி இந்த வகை எஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்தது. தலைமைப் பொறியாளர் ஆலிவர் புல்லீட். செய்த இடம் என் மகள் குடியிருக்கிற அதே ஈஸ்ட்லீ. 1949 வரை மொத்தம் 30 எஞ்சின்கள். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயந்து பயந்து சரக்கு ஏற்றிவந்த வணிகக் கப்பல்களுக்கு மரியாதை செய்யும் விதமாக, கப்பல் கம்பெனிகளின் பெயர்களை வைத்தார்கள். கிளான் லைன், யூனியன் காசில் என்று வரிசையாகப் போகும் அந்தப் பெயர்களில் 35018 எண்ணுள்ள எஞ்சினின் பெயர் "பிரிட்டிஷ் இந்தியா லைன்".

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய ஆட்களுக்குத் தெரியும், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன "ரஜூலா" கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. 1926-இல் கட்டி, 1973 வரை அந்தக் கம்பெனிக்காக ஓடியது. என் பெரியப்பா பினாங்கில் மளிகைக் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். டெக்கில் பாய் விரித்துப் படுத்து ஊர் வந்து சேர்ந்த கதையை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் கடைக்கு முதல் மூட்டை சரக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் பெயரை ஒரு ரயில் எஞ்சினுக்கு வைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த எஞ்சின் 1945-இல் ஓடத் தொடங்கி, 1956-இல் மாற்றிக் கட்டப்பட்டு, 1964-இல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டது. பிறகு வேல்ஸ் நாட்டில் பாரி என்ற ஊரில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு எடை போய்விட்டது. அந்தக் கடைக்காரருக்கு வேகன்களை வெட்டவே நேரம் சரியாக இருந்ததால் எஞ்சின்களை அப்படியே போட்டு வைத்தார். அதனால் 213 எஞ்சின்கள் பிழைத்தன. நம்முடைய எஞ்சினும் அதில் ஒன்று. வெகு காலம் துருப்பிடித்துக் கிடந்து, பழுது பார்க்கப்பட்டு, 2017-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மேசைமேல் இருந்த பெட்டியில் வேறு கப்பல் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அளவும் நாணயமும்

அடுத்து அவர் சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். நாம் எடைக்கல்லும் அளவுகோலும் முத்திரை போட்டு வைத்திருக்கிறவர்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் முதலில் தராசைத்தான் காட்டுவோம். மாடல் ரயிலில் அளவுதான் எல்லாம். இங்கிலாந்தில் அதிகம் விற்கும் அளவுக்கு "டபுள் ஓ" என்று பெயர். நிஜத்தில் ஒரு அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர், அதாவது 76-இல் ஒரு பங்கு. எஞ்சின் நீளம், அகலம், ஜன்னல், படி எல்லாம் அந்தக் கணக்குப்படி சரியாக இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. தண்டவாளம்!

நிஜமான ரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி மாடல் பாதை 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் விற்பது 16.5 மில்லிமீட்டர். திருப்பிப் பெருக்கினால் 4 அடி 1½ அங்குலம்தான் வருகிறது. 7 அங்குலம் குறைகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. நம் ஊரில் இந்தக் குறைவோடு ஒரு படி அரிசி அளந்தால் சும்மா விடுவார்களா?

காரணத்தைக் கேட்டேன். ஐரோப்பாவில் "ஹெச் ஓ" என்று ஓர் அளவு உண்டு. அதில் ஒரு அடிக்கு 3.5 மில்லிமீட்டர், பாதை 16.5 மில்லிமீட்டர், கணக்கு சரி. ஆனால் இங்கிலாந்தில் குகைகளும் பாலங்களும் பழைய காலத்துக் குறுகல் கட்டுமானம் என்பதால் அவர்களுடைய எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. 3.5 மில்லிமீட்டர் கணக்கில் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடம்பை மட்டும் 4 மில்லிமீட்டர் கணக்குக்குப் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது. எல்லோர் வீட்டிலும் இந்தப் பாதை இருப்பதால் இனி எந்தக் கம்பெனியும் மாற்றத் துணியாது. பொறுக்க முடியாத சிலர் மட்டும் 18.83 மில்லிமீட்டரில் தாங்களே பாதை போட்டு, எஞ்சின் சக்கரங்களையும் மாற்றிக்கொள்கிறார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரிந்தே நடக்கிற குறைவு என்பதால் இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மனது ஒப்பவில்லை.

நீராவி எஞ்சின் என்றாலும் உள்ளே ஓடுவது மின்சார மோட்டார்தான். 12 வோல்ட். இரண்டு தண்டவாளங்களிலும் மின்சாரம் வர, சக்கரம் வழியாக அது மோட்டாருக்கு ஏறுகிறது. நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஓடும் "மல்லார்ட்" எஞ்சினை 2003-இல் ஹார்ன்பி கம்பெனி இதே சின்ன அளவில் செய்து விற்றதாம். ஊசி மருந்து போடும் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய எஞ்சின் ஒன்று புதிதாக வாங்கினால் இன்று 200 பவுண்டுக்கு மேல், நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும்.

கணக்குப்பிள்ளை ஆரம்பித்த கம்பெனி

ஹார்ன்பி என்றால் மாடல் ரயிலில் நம் ஊர் கோபால் பல்பொடி மாதிரி, பெயர் சொன்னாலே போதும். இதை ஆரம்பித்த ஃபிராங்க் ஹார்ன்பி லிவர்பூல் நகரில் ஓர் இறைச்சி இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். தன் பையன்கள் விளையாட ஓட்டை போட்ட தகடுகளைத் திருகாணியால் இணைக்கும் ஒரு சாமானைச் செய்து, 1901-இல் காப்புரிமை வாங்கினார். முதலுக்குப் பணம் கொடுத்தது அவருடைய முதலாளியே. அந்தச் சாமான்தான் பிற்பாடு "மெக்கானோ" ஆனது. 1920-இல் ரயில் செய்யத் தொடங்கினார். அவர் இறந்தது 1936-இல். "ஹார்ன்பி டப்லோ" என்ற சின்ன அளவு ரயில் 1938-இல் வந்தது.

டப்லோ எஞ்சின் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்த கனமான சாமான். கையில் எடுத்தால் கனம் தெரியும். இந்த வார்ப்படத்தில் ஒரு ரகசியம் உண்டு. துத்தநாகத்தில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், பல வருடம் கழித்து உள்ளிருந்தே வெடித்து, உப்பி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். எந்தக் கம்பெனி சரக்கானாலும் இந்த நோய் வந்தால் மருந்து கிடையாது. கலப்படம் இன்று தெரியாவிட்டாலும் பேரன் காலத்தில் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

டப்லோவில் தண்டவாளம் மூன்று. நடுவில் ஒரு கம்பி மின்சாரத்துக்கு. பார்க்க நிஜம் மாதிரி இருக்காது, ஆனால் உழைக்கும். அந்தச் சமயத்தில் ரோவெக்ஸ் என்ற சின்ன பிளாஸ்டிக் கம்பெனி, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக 1950 கிறிஸ்துமசுக்கு ஒரு பிளாஸ்டிக் ரயில் செய்து கொடுத்தது. இரண்டே தண்டவாளம், மலிவு விலை. மறு வருடமே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனி அதை வாங்கி, "ட்ரையாங்" என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. ஹார்ன்பிக்காரர்கள் அசையவில்லை. நம் சரக்கு உலோகம், அவர்கள் சரக்கு பிளாஸ்டிக், நம் வாடிக்கை நம்மிடம் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். 1959-இல் இரண்டு தண்டவாளத்துக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1964-இல் மெக்கானோ கம்பெனியையே லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டது.

பலர் இதைச் சொல்லி ஹார்ன்பியைக் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே மூன்று தண்டவாளம் வாங்கிப் போட்ட ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே நாளில் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பழைய வாடிக்கையை விடாதவனும் கெடுவான், விட்டவனும் கெடுவான் என்கிற இடம் வியாபாரத்தில் உண்டு. இதில் வேடிக்கை, வாங்கிய லைன்ஸ் பிரதர்ஸ் 1971-இல் நொடித்துப்போனது. மிஞ்சியது ஹார்ன்பி என்ற பெயர்தான். ரயில் பிரிவு கைமாறிக் கைமாறி அந்தப் பெயரிலேயே இன்றும் வியாபாரம் செய்கிறது.

அச்சு யாருடையது?

மாடல் ரயில் தொழிலில் முதல் என்பது கட்டடமோ ஆளோ இல்லை, எஃகு அச்சுதான். ஓர் எஞ்சினுக்கு நூற்றுக்கணக்கான பாகம், அத்தனைக்கும் அச்சு வெட்ட வேண்டும். அந்தச் செலவை எப்படித் திரும்ப எடுக்கிறார்கள்? மெர்ச்சன்ட் நேவியில் 30 எஞ்சின் என்றேன் அல்லவா? ஒரே அச்சு, ஒவ்வொரு வருடமும் வேறு பெயர், வேறு எண், வேறு வர்ணம். போன வருடம் கிளான் லைன் வாங்கியவரே இந்த வருடம் இன்னொன்று வாங்குகிறார். நம்மூரில் ஒரே நெய்யைப் பத்து டப்பாவில் விற்பதை நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் பாலிடாய் என்ற ஆங்கிலக் கம்பெனி "மெயின்லைன்" என்ற பெயரில் ரயில்கள் விற்றது. செய்து கொடுத்தது ஹாங்காங்கில் கேடர் என்ற தொழிற்சாலை. அச்சுகளும் கேடருடையவை. பாலிடாய் தொழிலை விட்டதும், கேடர் அந்த அச்சுகளை வைத்துக்கொண்டு தன்னுடைய பாக்மன் என்ற பெயரில் இங்கிலாந்திலேயே கடை விரித்துவிட்டது. இன்று ஹார்ன்பிக்குப் பெரிய போட்டி அந்தப் பாக்மன்தான். அதோடு நிற்கவில்லை. ஹார்ன்பியும் 1990-களின் பிற்பகுதியில் தன் உற்பத்தியை சீனாவுக்குக் கொண்டுபோனது. சரக்கின் நேர்த்தி வெகுவாக உயர்ந்தது உண்மை. நான் பார்த்த மெர்ச்சன்ட் நேவியின் முதல் சரக்கு 2000-இல் அப்படி வந்ததுதான். ஆனால் பெரும்பகுதியைச் செய்து கொடுத்த சாண்டா கான் என்ற தொழிற்சாலையைச் சில வருடங்களில் கேடரே வாங்கிவிட்டது. நம் சரக்கு எதிர்க்கடைக்காரர் கிட்டங்கியில் அகப்பட்ட கதை! பிறகு சில வருடம் ஹார்ன்பி சரக்கு வராமல் கடைகள் காலியாகக் கிடந்தன. போதாக்குறைக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் நினைவுப் பொருள்கள் செய்து குவித்து, விற்காமல் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டி வந்தது. தீபாவளி முடிந்த மறுநாள் பட்டாசு விற்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் இடம்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் வியாபாரம் எப்படி?" என்று விசாரிக்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். முன்பதிவுப் பேரேடு. கம்பெனிகள் ஜனவரி மாதத்தில் படம் போட்டு அறிவிக்கின்றன. அப்போது சரக்கு இருக்காது, சில சமயம் அச்சே வெட்டியிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் பெயர் கொடுப்பார், கடைக்காரர் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பார். சரக்கு வர ஒரு வருடமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். ஒரு கம்பெனியிடம் பன்னிரண்டு கேட்டிருந்தாராம், வந்தது ஐந்து. நோட்டில் பெயர் பதிந்த பன்னிரண்டு பேரில் யாருக்கு இல்லை என்று சொல்வது? அதே எஞ்சின் கம்பெனியின் சொந்த விற்பனையில் மட்டும் தாராளமாகக் கிடைத்தது என்றார். பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஹார்ன்பி 2022 அக்டோபரில் புதிதாக ஓர் அளவை அறிவித்தது. "டி.டி. 120". நிஜத்தில் 120-இல் ஒரு பங்கு, பாதை 12 மில்லிமீட்டர். நானே பெருக்கிப் பார்த்தேன், 1,440 மில்லிமீட்டர் வருகிறது. நிஜப் பாதை 1,435. நூறு வருடத்துக் குறைவு போய், அளவு சரியாகிவிட்டது! ஆனால் தொடக்கத்தில் அதைக் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. கம்பெனியே நேராக வீட்டுக்கு அனுப்பி விற்றது. தண்டவாளம் நேராயிற்று, கடைக்காரர் கழன்றுவிட்டார். இதற்கு நடுவில் 1946-இல் லிவர்பூலில் ஆரம்பித்த ஹேட்டன்ஸ் என்ற பெயர்போன மாடல் ரயில் கடை, 78 வருடம் நடத்தியபின் தொழிலை முடிப்பதாக 2024 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

எனக்கு இது புதுக்கதை இல்லை. பருப்பு வியாபாரத்தோடு ஒரு சலவைச் சோப்பு ஏஜென்சியும் பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன். ஊர் ஊராகச் சைக்கிளில் பையனை அனுப்பி, கடைக்கு இரண்டு பெட்டி கடனுக்கு இறக்கி, அந்தச் சோப்பின் பெயரை உசிலம்பட்டி வரை கொண்டுபோனது நாங்கள். வியாபாரம் நன்றாக வந்ததும் கம்பெனி சொந்த டிப்போ போட்டது. பெரிய கடைகளுக்கு எனக்குப் போட்ட விலையைவிடக் குறைத்து நேராகக் கொடுத்தார்கள். என் கிட்டங்கியில் முந்நூறு பெட்டிக்கு மேல் நின்றது. திருப்பி எடுக்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. வெளியே நின்ற கடன் பாக்கியில் பாதி வந்தது, பாதி போயிற்று. நான் மாப்பிள்ளை மூலமாக இதைச் சொன்னபோது அந்த வெள்ளைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "இன்னும் அந்தச் சோப்பை விற்கிறீர்களா?" என்றார். "இல்லை. என் வீட்டிலும் போடுவதில்லை" என்றேன். மனிதர் சத்தமாகச் சிரித்தார்.

எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று கேட்டேன். பின்பக்கம் அழைத்துப் போனார். சின்ன மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி. பழுது பார்க்க வந்த எஞ்சின்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டியிருந்தது. பழைய எஞ்சின்களை வாங்கி, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, ஓட்டிக் காட்டி விற்கிறார். யாராவது இறந்துவிட்டால் வீட்டு அம்மா போன் செய்வாராம். முப்பது வருடமாகச் சேர்த்த எஞ்சின்களை என்ன விலைக்குக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. இவர் போய்ப் பார்த்து, பட்டியல் எழுதி, நியாயமாக விலை போட்டு எடுத்துக்கொள்கிறார். "அந்த விலையில் பொய் சொன்னால் இந்த ஊரில் நான் இருக்க முடியாது" என்றார். புதுச் சரக்கைவிட இதில்தான் இப்போது ஜீவனம் ஓடுகிறதாம்.

பேரனுக்கு என்று சொல்லி ஒரு பழைய மெர்ச்சன்ட் நேவி வாங்கினேன். பேரனுக்கு நான்கு வயது, அதை மகள் சுட்டிக்காட்டினாள். கடைக்காரர் 95 பவுண்டு சொன்னார். பழக்க தோஷம், 80 என்றேன். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "இங்கெல்லாம் பேரம் பேச மாட்டாங்க மாமா" என்று காதில் சொன்னார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, 90 வாங்கிக்கொண்டு ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைச் சும்மா கொடுத்தார். தண்டவாளத்தில் வைத்து முன்னும் பின்னும் நான்கு முறை ஓட்டிக் காட்டிய பிறகே பெட்டியில் போட்டார்.

எஞ்சின் இப்போது கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பில் போட வருகிற எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். போன வாரம் திருமங்கலம் வியாபாரி ஒருவர் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். சக்கரத்தைக் காட்டி அந்த ஏழு அங்குலக் குறைவை அவருக்கு விளக்கினேன். குறைவு இருக்கிறது என்றால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார்.